நடுவயதில் இடர்ப்பட்டார்க்கு நாம் துணையாதல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்திலே யாம் பேச வேண்டும் என்று பணித்த செயலாளர் அவர்கள், இலக்கியப் பொருள் ஒன்றனை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டார்கள். தமிழாசிரியனிடத்து அவ்வாறு கேட்பது இயல்பே. ஆயினும், சில ஆண்டுகளாக எமது உள்ளத்தை உறுத்திவரும் செய்தியொன்றை இவ்வவையின் முன் வைத்துவிட விரும்பி, அவருடைய இசைவு பெற்று வேறு பொருளை எடுத்துக்கொண்டோம். நாற்பதைக் கடந்து ஐம்பதை நோக்கிச் செல்லும் ஒருவர், தொழிலும் இல்லறமும் ஒருங்கே சிக்குற்று நம்மிடம் வந்து நின்றால், அவரிடத்து நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது என்பதே அப்பொருள். இதிலே யாம் ஒருமுறை பெரிதும் தவறினோம். அத்தவற்றைக் கூறாமல் இதனைப் பேசுவது நேர்மையாகாது.

முதற்கண், நமது சங்கத்தின் பணிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாணவர்க்கு உதவித்தொகை அளிக்கின்றோம். மணமக்களின் விவரங்களைப் பதிந்து வைக்கின்றோம். வறியோர் இல்லத்தில் சாவு நேர்ந்தால் ஈமச் செலவிற்குக் கை கொடுக்கின்றோம். கல்வி, மணம், மரணம் ஆகிய மூன்றற்கும் வழி செய்துள்ள நாம், மணத்திற்கும் மரணத்திற்கும் இடைப்பட்ட நெடுங்காலத்திற்கு யாது செய்துள்ளோம்? ஒன்றுமில்லை. பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு ஆறுதல் கூற ஊரே வருகின்றது. முதியவர் நோயுற்றால் மக்களும் மருமக்களும் சூழ்கின்றனர். நடுவயதினரோ பெற்றோரையும் பிள்ளைகளையும் இருபுறமும் தாங்கி நிற்பவர். அவர் தளர்ந்தால் தாங்குவார் யார் என்று எவரும் எண்ணுவதில்லை. தளர்ந்ததை வெளியிற் சொல்லவும் அவர் நாணுகின்றார்.

நமது பகுதியின் நிலையும் இதற்குக் காரணமாகின்றது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலே, நெல் அரவை ஆலையும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமுமே பெரும்பாலோர்க்குச் சோறிடுகின்றன. கல்வராயன் மலையிலோ வானம் பார்த்த பூமி. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலை மக்கள், இன்றும் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைத்து, எஞ்சிய மாதங்களில் குடகிற்கும் கேரளத்திற்கும் கூலி வேலைக்குச் செல்கின்றனர். மழை பொய்த்தாலும், புதிய இயந்திரம் வந்தாலும், ஆலை கைமாறினாலும் அடி விழுவது பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதினர் மேல்தான். என்னை? புதுத் தொழில் கற்க வயது கடந்துவிட்டது. ஓய்ந்து அமர வயது வரவில்லை. வருவாய் நின்ற வீட்டிலே, கணவன் மனைவியரிடையே முன்னரே இருந்த சிறு விரிசல் பெரிதாகின்றது. வீட்டிலே அமைதி குலைந்தவர்க்கோ அடுத்த வேலை தேடும் ஊக்கமும் குன்றுகின்றது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கின்றது.

நிற்க. யாம் தவறிய கதையைச் சொல்வோம். இதிற் சம்பந்தப்பட்ட கணவரும் மனைவியாரும் தம் பெயரும் ஊரும் வெளிவராத வகையில் இதனைக் கூற இசைந்துள்ளனர்.

நெல் அரவை ஆலையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் ஒருவர். ஒருநாள் மாலை அவருடைய தாய்மாமன் அவரை எம் இல்லத்திற்கு அழைத்து வந்து, “வாத்தியார் ஐயா, இவனுக்கு வேலையிலே கொஞ்சம் தொல்லை, வீட்டிலே சண்டை. பெண்சாதி கோபித்துக்கொண்டு சின்னசேலத்தில் தாய்வீட்டிற்குப் போய்விட்டாள். நீங்கள் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்” என்றார். யாம் நாலு வார்த்தையோடு நின்றோமில்லை. திருக்குறளில் இடுக்கணழியாமை என்னும் 63-ஆம் அதிகாரத்தின் பத்துப் பாக்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பொருள் விரித்தோம். அரிச்சந்திரன் பட்ட பாட்டையும், நளன் பட்ட பாட்டையும் எடுத்துரைத்தோம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசினோம். அவர் தலை குனிந்தவாறு கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே, “சரிங்க ஐயா” என்றார். எம் சொல் அவர் உள்ளத்தில் இறங்கிவிட்டது என்று யாம் மகிழ்ந்தோம். பின்னர் அம்மாமனிடமே, “குடும்பப் பெண் தாய்வீட்டில் தங்குதல் அழகன்று, உடனே திரும்பி வரச் சொல்லுங்கள்” என்று அவ்வம்மையாருக்கும் சொல்லி அனுப்பினோம். மூத்தோர் சிலர் சென்று வற்புறுத்த, அவரும் மறுநாள் மகளோடு திரும்பினார். காரியம் முடிந்தது என்று எண்ணினோம்.

நான்காம் நாள் காலை, அவர் வழக்கம்போல் தூக்குப் பாத்திரத்தில் சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டார். இரவு வீடு திரும்பவில்லை. கைப்பேசி அணைந்து கிடந்தது. ஆலையில் விசாரிக்கச் சென்ற மைத்துனருக்கு, அவர் அவ்வேலையை விட்டு நான்கு மாதமாயிற்று என்ற மறுமொழி கிடைத்தது. ஆலை கைமாறியபோது, புதிய முதலாளி கணினியையும் தமக்கு வேண்டிய ஆட்களையும் கொணர்ந்து, பழையவர்களை நிறுத்திவிட்டார். இவர் அதனை வீட்டிற் சொல்லவில்லை. நாள்தோறும் சோறு கட்டிக்கொண்டு போய், பேருந்து நிலையத்திலும் கோமுகி அணையின் கரையிலும் அமர்ந்திருந்து, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பியிருக்கின்றார். மாதந்தோறும் 15,000 ரூபாய் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் என்று மனைவியின் கையிற் கொடுத்திருக்கின்றார். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கவே, சூதாட்டமோ வேறு தொடர்போ என்று அவ்வம்மையார் ஐயுற்றார். வந்த சண்டை அதனால் வந்தது.

அன்பர்களே! எம் முன் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்த மனிதர், தமக்கு வேலையில்லை என்பதைக்கூடச் சொல்லாமற் போயிருக்கின்றார். ஏன் சொல்லவில்லை? யாம் கேட்கவில்லை. கேட்பதற்கு இடமில்லாதபடி யாமே பேசினோம். இடுக்கண் வந்தபோது மனந்தளரலாகாது என்று யாம் சொல்லச் சொல்ல, தளர்ந்துவிட்ட தம் நிலையைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. நூலின்மேற் குற்றமில்லை. பசித்தவன் முகத்தைப் பாராமல் சமையற் குறிப்பை வாசித்தவனது குற்றம் அது.

மூன்று நாட்கள் தேடினோம். அணைக்கட்டிற்கும் ஆட்கள் சென்றனர். அந்நாட்களிலே எமக்கு உறக்கமில்லை. மூன்றாம் நாள் மாலை, கச்சிராயபாளையம் வழியாக மலையிலிருந்து வரும் பேருந்தில், ஒரு மலைக்காரருடன் அவர் வந்து இறங்கினார். புளியும் கடுக்காயும் கொணர்ந்து விற்கும் அப்பெரியவர், பல ஆண்டுகளாக ஆலையின் எடைமேடையில் மூட்டை நிறுத்திச் செல்வதனால் இவருக்குப் பழக்கமானவர். காணாமற்போன அன்று, எங்குச் செல்வது என்று அறியாது வெள்ளிமலைப் பேருந்தில் ஏறிய இவர், அப்பெரியவர் வீட்டையே அடைந்திருக்கின்றார்.

அங்கு நடந்ததைப் பின்னர் இருவரும் எமக்குக் கூறினர். அப்பெரியவர் காரணம் ஏதும் கேட்கவில்லை. கைகால் கழுவச் செய்து, சாமைச் சோறு இட்டு, உறங்க வைத்தார். மறுநாள் மரவள்ளிக் கொல்லையிலே களை எடுக்கக் கூட அழைத்துச் சென்றார். மாலையில் வரப்பில் அமர்ந்து, “தம்பி, எத்தனை நாளாய்த் தூக்கமில்லை?” என்று கேட்டார். பிறகு, “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றிற்றா?” என்று நேராகவே கேட்டார். அணைக்கரையில் தமக்கு வந்த எண்ணங்களை அப்போதுதான் இவர் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். சொல்லி அழுதார். பெரியவர் இடைமறிக்கவில்லை. அழுகை ஓய்ந்தபின், “இது வீட்டில் யாருக்குத் தெரியும்?” என்றார். ஒருவருக்கும் தெரியாது என்றார் இவர். பெரியவர் தம் கதையைச் சுருங்கக் கூறினார். குடகிலே காப்பித் தோட்ட வேலைக்கு வாங்கிய முன்பணத்தை வீட்டிற்குத் தெரியாமற் செலவழித்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் ஊருக்குத் திரும்பாமல் ஒளிந்திருந்தாராம். “கடனைக் காட்டிலும் ஒளிந்திருந்ததுதான் என்னைத் தின்றது. நாளைக்கு நான் கூட வருகிறேன். வேலை போய்விட்டது என்று மட்டும் சொல்லு. மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

அவ்வாறே இருவரும் வந்தனர். பெரியவர் வீட்டினுள் நுழையாமல் திண்ணையிலே அமர்ந்துகொண்டார். உள்ளே ஒருமணி நேரம் பேச்சும் அழுகையும் நிகழ்ந்தன. செய்தியறிந்து ஓடிய யாமும் அத்திண்ணையில் அவரருகே வாய்மூடி அமர்ந்திருந்தோம். முப்பதாண்டுகள் முன்னரே கற்றிருக்க வேண்டிய பாடத்தை அன்று கற்றோம்.

சில நாள் கழித்து அவ்வம்மையாரிடம் சென்று, தாய்வீட்டிலிருந்து அவரைத் திரும்பி வரச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னார்: “ஐயா, வேலை போனதை நான் தாங்கியிருப்பேன். தையல் இயந்திரம் இருக்கிறது. நான்கு மாதம் என்னை அயலாளாக வைத்திருந்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஏன் போனேன் என்று நீங்கள் ஒருவருமே என்னைக் கேட்கவில்லை.” இதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. கேளாமல் தீர்ப்புக் கூறியது கணவர்க்குச் செய்த பிழை. ஆள் அனுப்பித் தீர்ப்புக் கூறியது மனைவியார்க்குச் செய்த அதனினும் பெரும்பிழை.

யாம் கண்ட இவ்வுண்மை புதிதன்று. இலண்டன் மாநகரிலே சாட் வாரா என்னும் பாதிரியார் 1953-இல், உயிர் துறக்க எண்ணுவோர் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். பலர் வந்தனர். தம் முறை வரும்வரை காத்திருப்போர்க்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கத் தொண்டர் சிலரை அவர் அமர்த்தியிருந்தார். நாளடைவில், அத்தொண்டரிடம் பேசிய பலர் பாதிரியாரைக் காணாமலே மனந்தேறிச் சென்றதை அவர் கண்டார். அதன்பின் அவ்வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அவ்வகைத் தொண்டினையே சென்னையில் 1986 முதல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா அமைப்புச் செய்து வருகின்றது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டிலே, மருத்துவர் டிக்சன் சிபாண்டா என்பார் 2006-இல் பாட்டிமார் பதினால்வர்க்குப் பயிற்சி தந்து, மருத்துவச் சாலைகளின் புறத்தே மரப்பலகையில் அமர்ந்து மக்கள் குறையைக் கேட்கச் செய்தார். அப்பாட்டிமார், வந்தவருடைய துன்பங்கள் யாவற்றையும் கேட்டபின், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அதனை முதலில் தீர்க்கத் துணைபுரிவர். இம்முறை நற்பயன் தந்ததை 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. வெள்ளிமலைப் பெரியவர் இவற்றுள் எதனையும் அறியார். எனினும் அவர் செய்ததும் அதுவே.

ஆதலின், இடர்ப்பட்டு வருபவரிடத்து நாம் மேற்கொள்ள வேண்டிய முறைகளாக யாம் கருதுவனவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, உடலைப் பற்றிக் கேளுங்கள். உண்டாரா, உறங்குகின்றாரா என்பதே முதற்கேள்வி. பின்னர் அவர் பேசட்டும். அவர் பேசும் நேரத்தில் பாதியும் நாம் பேசலாகாது. மேற்கோளும் உவமையும் அவர் கேட்டால் ஒழிய வேண்டா.

இரண்டாவது, முடிச்சுகளைப் பிரித்து வையுங்கள். வேலை, கடன், மனைவியுடன் பூசல், பிள்ளையின் கல்விச் செலவு என யாவும் ஒரே மலையாக அவர் கண்முன் நிற்கும். தாளில் தனித்தனியே எழுதினால் அவற்றின் அளவு தெரியும். எவருக்கு எவ்வளவு கடன், எவ்வட்டிக்கு, எந்நாளில் தர வேண்டும் என்று எழுதுக. இவ்வாரம் செய்யத்தக்க ஒன்றை மட்டும் அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

மூன்றாவது, இருவரையும் தனித்தனியே கேளுங்கள். மனைவியாரைக் கேட்க மாதர் ஒருவர் செல்லுதல் வேண்டும். சண்டை என்று ஊர் சொல்லும் சொல்லுக்குள் அடியும் உதையும் மறைந்திருக்கக்கூடும். அவ்வாறாயின் பொறுத்துப் போகுமாறு சொல்வது அறமாகாது. பெண்களைக் குடும்ப வன்முறையினின்று காக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டுள்ளது. 181 என்னும் எண்ணில் மாதர்க்கு உதவி கிடைக்கும். சேர்ந்து வாழ்தல் இயலாது என்று இருவரும் தெளிந்து முடிவு செய்வாராயின், அதற்கும் நீதிமன்றமும் சட்டமும் உள்ளன. குலப்பெருமை கெடும் என்று அஞ்சி ஒருவரை மற்றொருவரோடு கட்டிப்போடும் உரிமை நமக்கில்லை. சாதியின் பெயரால் கூடித் தீர்ப்பளிக்கும் கட்டைப் பஞ்சாயத்துகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று 2011-இல் உச்சநீதிமன்றம் கடிந்து கூறியதை நாம் மறத்தலாகாது. நமது சங்கம் துணைநிற்கும் மன்றமாகுக. தீர்ப்புக் கூறும் மன்றமாதல் வேண்டா.

நான்காவது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலையை அறிந்திருங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றி, தாம் இல்லாவிடில் குடும்பத்திற்கு நல்லது என்பது போன்ற சொற்கள் வருமாயின், அது நோய். பிடிவாதம் என்றோ சோம்பல் என்றோ அதனை இகழலாகாது. உயிர் துறக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே ஊட்டியதாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு இடமில்லை என்பர் மருத்துவர். கேட்டால் சுமை குறைகின்றது. அத்தகையோர் வீட்டிலே பூச்சிமருந்துப் புட்டிகள் இருப்பின், உறவினர் அவற்றை அப்புறப்படுத்துதல் வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் உதவியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

குடியைப் பற்றியும் ஒரு சொல். 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், நமது கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்த சிறுவர்களும் உண்டு. மாண்டோரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. உடல்வலிக்கும் மனவலிக்கும் வேறு மருந்து கிட்டாதவன் அருகிலுள்ள சாராயத்தைத் தேடுகின்றான் என்பதனை நாம் உணர்தல் வேண்டும். குடிப்பவனை வாசலிலிருந்து விரட்டும் சங்கம், அவனைச் சாராயம் விற்பவனிடமே திருப்பி அனுப்புகின்றது. அவனும் உட்கார்ந்து பேசத்தக்க இடம் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

இறுதியாக, செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். நமது சங்கக் கட்டடத்தின் படிப்பறையை ஞாயிறுதோறும் மாலை இரண்டு மணி நேரம் இப்பணிக்கு ஒதுக்குங்கள். நாவடக்கமுள்ள ஆடவர் இருவரையும் மாதர் இருவரையும் தேர்ந்தெடுங்கள். புலமையோ செல்வமோ அதற்குத் தகுதியாக வேண்டா. கேட்டதை வெளியிற் சொல்லாதவர் என்பதே தகுதியாகுக. வருபவர் பெயரை ஏட்டில் எழுத வேண்டா. அவர் நம்மவரா, பிறரா என்று பார்க்கவும் வேண்டா. எமக்கு இப்பாடத்தைக் கற்பித்தவர் நம் குலத்தவரல்லர்.

அக்குடும்பம் இப்போது எவ்வாறுள்ளது என்று கேட்பீர்கள். அவர் ஓர் உரக்கடையில் முன்னதினும் குறைந்த சம்பளத்திற்குக் கணக்கு எழுதுகின்றார். கடனில் பாதி அடைந்துள்ளது. மீதியின் கணக்கு மனைவியாரிடம் இருக்கின்றது. சண்டை முற்றும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் ஒளிவு மறைவின்றி நடக்கின்றது என்று அவ்வம்மையாரே சிரித்துக்கொண்டு சொன்னார். மகள் பன்னிரண்டாம் வகுப்பிற் பயில்கின்றாள். புளி விற்கும் பருவத்தில் மலைப்பெரியவர் வந்தால், அவர்கள் வீட்டிலே ஒருவேளை உண்ணாமற் செல்வதில்லை.

யாம் இன்றும் பள்ளியிலே இடுக்கணழியாமையைக் கற்பிக்கின்றோம். முன்போலவே விரித்துரைக்கின்றோம். ஆனால் எவரேனும் மாலைப்பொழுதில் எம் வாசலில் வந்து தயங்கி நின்றால், முதலில், “சாப்பிட்டீர்களா?” என்று கேட்கின்றோம். பிறகு வாய்மூடி இருக்கின்றோம். அது பாடம் சொல்வதினும் கடினமாகவே உள்ளது. நீங்களும் பயின்று பார்க்க வேண்டுகின்றோம்.